காப்புச் சர்வருக்குத் தனி வீடு வேண்டும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

இன்றைய உலகில் எழுதி வைக்க வேண்டியவை அனைத்தும் கணிப்பொறியின் வயிற்றுக்குள் போய்விட்டன. வங்கிக் கணக்கு அதில். மருத்துவமனைச் சீட்டு அதில். ரயில் முன்பதிவு அதில். நாம் பருவத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணும் அதில். அந்த வயிற்றுக்கு ஒரு நோய் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி பெரும்பாலும் நோய் வந்த பிறகே கேட்கப்படுகிறது. நம் பள்ளியில் அது முன்கூட்டியே கேட்கப்பட்டிருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது.

இவ்வாண்டு நடந்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இது பற்றிப் பேச்சு எழுந்தது. நம் அலுவலகத்தில் ஒரே ஒரு பெரிய கணிப்பொறி, அதாவது எல்லாரும் ‘சர்வர்’ என்று சொல்லும் இயந்திரம், கட்டணக் கணக்கு, மதிப்பெண் பதிவு, நூலகப் பட்டியல் ஆகிய மூன்றையும் தாங்கி நிற்கிறது. இவற்றின் பிரதிகளைக் காத்து வைக்க ‘பேக்கப்’ சர்வர் ஒன்று வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அது தனி இயந்திரமாக இருக்க வேண்டுமா, அல்லது இருக்கிற இயந்திரத்துக்குள்ளேயே ஒரு மெய்நிகர் சர்வராக அமைந்தால் போதுமா என்பதில்தான் பெற்றோர் இரண்டு பட்டார்கள். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில் பேச மாணவியருக்கு இடமில்லை. ஆண்டு மலரில் எழுத இடம் உண்டு. ஆகவே எழுதுகிறேன். தனி இயந்திரமே வேண்டும் என்பது என் கருத்து.

‘மெய்நிகர்’ என்ற சொல்லைக் கேட்டதும் சில தோழியருக்குத் தலை சுற்றலாம். அதில் மாயம் ஒன்றும் இல்லை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் ஒண்டுக் குடித்தனம் பார்த்திருப்பீர்கள். ஒரே வீட்டை நான்கு பகுதியாகத் தடுத்து நான்கு குடும்பங்கள் வாழும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு. ஆனால் கூரை ஒன்று, கிணறு ஒன்று, தெருவாசல் ஒன்று. மெய்நிகர் சர்வர்கள் இப்படிப்பட்ட குடித்தனக்காரர்களே. ஒரு வலிமையான இயந்திரத்தில் ‘ஹைப்பர்வைசர்’ என்னும் மென்பொருள் வீட்டுக்காரரைப் போல அமர்ந்துகொண்டு, நினைவகத்தையும் வட்டையும் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கணிப்பொறி என்றே எண்ணிக்கொண்டு வேலை செய்கிறது. இது நேற்று முளைத்த யோசனையும் அன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே ‘வி.எம்./370’ என்ற பெயரில் தன் பெரிய கணிப்பொறிகளுக்கு இந்த வசதியை அளித்தது. நம் அலுவலக சர்வருக்குள் இப்போது மூன்று குடித்தனங்கள் இருக்கின்றன. நான்காவது குடித்தனமாகக் காப்புச் சர்வரையும் வைத்துவிட்டால் செலவே இல்லை என்பது ஒரு சாராரின் வாதம்.

கணிப்பொறிப் பராமரிப்பு வேலை பார்க்கும் என் சித்தப்பா அந்தச் சாராரைச் சேர்ந்தவர். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மெய்நிகர் சர்வர் முழுவதும் உண்மையில் சில கோப்புகளே. அந்தக் கோப்புகளை எடுத்துப் போய் வேறு நிறுவனம் செய்த வேறு இயந்திரத்தில் வைத்தாலும், அதே வகை ஹைப்பர்வைசர் இருந்தால் அது எழுந்து நடக்கும். தனி இயந்திரத்தில் நேரடியாக நிறுவிய ஒன்றை இப்படி இடம் மாற்ற முடியாது. புதிய இயந்திரத்தின் பாகங்கள் பழையதோடு ஒத்துப்போகாமல் மல்லுக்கு நிற்கும். மேலும், தனி இயந்திரம் என்றால் அதற்கு மின்சாரம் வேண்டும், இடம் வேண்டும், ஐந்தாறு ஆண்டில் மாற்றவும் வேண்டும். “பூனை வளர்ப்பது போலம்மா. வாங்குவது சுலபம், யார் சோறு வைப்பது?” என்று சித்தப்பா கேட்டார். இந்தக் கடைசிக் கேள்வி கடினமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கூரையைப் பார்ப்போம். ஒண்டுக் குடித்தனத்தில் பக்கத்துப் பகுதிக்காரரிடம் நம் நகைப் பெட்டியைக் கொடுத்து வைத்தால், திருடன் நம் அறைப் பூட்டை உடைக்கும் வரையில் அது பாதுகாப்பே. கூரையில் தீப்பிடித்தால்? 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இப்படித்தான் நடந்தது. வி.எம்.வேர் நிறுவனத்தின் ‘இ.எஸ்.எக்ஸ்.ஐ.’ என்ற ஹைப்பர்வைசரில் இருந்த ஓர் ஓட்டையின் வழியே பணம் பறிக்கும் கும்பல் ஒன்று நுழைந்தது. குடித்தனங்களுக்குள் அவர்கள் போகவே இல்லை. வீட்டுக்காரர் இடத்திலிருந்து கொண்டே எல்லாக் குடித்தனங்களின் வட்டுக் கோப்புகளையும் குலைத்துப் பூட்டினார்கள். உலகெங்கும் சுமார் 3,800 சர்வர்கள் இப்படிப் பாதிக்கப்பட்டன என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வெளிவந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் ஆகியும் பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. தங்கள் காப்புச் சர்வரையும் அதே இயந்திரத்துக்குள் குடிவைத்திருந்தால், மூலமும் பிரதியும் ஒரே நேரத்தில் போயிருக்கும் அன்றோ?

தீயோ திருடனோ வேண்டாம். இயந்திரத்தின் தாய்ப்பலகை கெட்டுவிட்டது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணக் கணக்கைத் திரும்பப் பெறக் காப்புச் சர்வர் வேண்டும். காப்புச் சர்வரோ கெட்டுப்போன இயந்திரத்துக்குள் இருக்கிறது. முதலில் வேறோர் இயந்திரம் வாங்கி, அதில் ஹைப்பர்வைசரை நிறுவி, காப்புச் சர்வரை அங்கே மறுபடி எழுப்பி, அதன் பட்டியல்களை அதற்கு மீண்டும் அறிமுகம் செய்து வைத்து, அதன் பின்னரே ஒரு கோப்பையாவது மீட்க முடியும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவரின் நிலை இதுதான். தனி இயந்திரமாக இருந்தால் அது அங்கே நலமாக நின்றுகொண்டிருக்கும். மீட்கும் வேலை அன்று பிற்பகலே தொடங்கும்.

இங்கே ஒரு பெற்றோர் கூட்டத்தில் எழுப்பிய நல்ல கேள்வியைச் சொல்ல வேண்டும். மெய்நிகர் சர்வர் என்றால் நம் இயந்திரத்துக்குள்தான் இருக்க வேண்டுமா? வெளியூரில், வெளிநாட்டில், ‘கிளவுட்’ என்று சொல்கிறார்களே, அங்கே மாத வாடகைக்கு ஒன்றை எடுக்கலாமே? அங்கே காவல் உண்டு, குளிர்சாதனம் உண்டு, இடைவிடாத மின்சாரம் உண்டு. நம் இயந்திரத்துக்கு என்ன நேர்ந்தாலும் அது தப்பிக்கும்.

தப்பிக்கும். ஆயினும் வெளியூர் வீட்டுக்கும் கூரை உண்டு. பிரான்ஸ் நாட்டில் ஸ்ட்ராஸ்பூர் என்னும் நகரில், ரைன் நதிக்கரையில், ஓ.வி.எச். என்ற பெரிய நிறுவனம் இப்படி வாடகைக்கு விடும் சர்வர்களை நான்கு கூடங்களில் வைத்திருந்தது. 2021 மார்ச் 10-ஆம் நாள் நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில் அங்கே தீ மூண்டது. ஐந்து மாடிகள் கொண்ட இரண்டாம் கூடம் முழுவதும் சாம்பலாயிற்று. முதலாம் கூடத்தில் ஒரு பகுதியும் எரிந்தது. ஆற்றிலிருந்தே நீர் இறைத்துப் படகின் மேலிருந்து தீயை அணைத்தார்கள். ஓர் உயிருக்கும் சேதமில்லை என்பது இறைவன் அருள். ஆனால் சுமார் 36 லட்சம் வலைத்தளங்கள் அன்று மறைந்துபோயின என்று இணையத்தைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனம் கூறியது. ‘ரஸ்ட்’ என்ற விளையாட்டை நடத்துவோர் தங்கள் ஐரோப்பிய சர்வர்கள் 25-இன் தகவல்களை மீட்கவே முடியவில்லை என்று அறிவித்தார்கள். நிறுவனத்தின் தலைவர் அன்று காலையிலேயே வாடிக்கையாளர்களைப் பார்த்து, அவரவர் பேரிடர் மீட்புத் திட்டத்தைத் தொடங்குங்கள் என்றார். அப்படி ஒரு திட்டம் தமக்கு இல்லை என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்திருப்பார்கள்!

இதில் என் மனத்தை அதிகம் தொட்டது அதன் பிறகு நடந்த ஒரு வழக்கு. வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று மெய்நிகர் சர்வரை வாடகைக்கு எடுத்து, அதற்குக் காப்புப் பிரதி வேண்டும் என்று தனியாகப் பணமும் கட்டி வந்தது. தீக்குப் பின் கேட்டால் காப்பும் போய்விட்டது. ஏனெனில் காப்பும் அதே கட்டடத்தில் இருந்தது! சர்வர் இருக்கும் அமைப்பிலிருந்து காப்பு பௌதிகமாகத் தனித்து வைக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. லீல் நகர வணிக நீதிமன்றம் 2023 ஜனவரியில் வாடிக்கையாளர் பக்கம் தீர்ப்பளித்து இழப்பீடு தரச் சொன்னது. தீர்ப்பு வந்ததே தவிர, எரிந்த பக்கங்கள் வரவில்லை. ‘தனித்து’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை அடி தூரம் என்று பணம் கட்டுமுன் யாரும் அளந்து பார்க்கவில்லை. மெய்நிகர் சர்வரின் குறை இதுவே என்பேன்: அது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. தனி இயந்திரத்தை நம் தலைமையாசிரியை சிஸ்டர் நேரில் போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

மற்றொன்றும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் ‘யூனிசூப்பர்’ என்ற ஓய்வூதிய நிதி நிறுவனத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் போட்டிருக்கிறார்கள். 2024 மே மாதம் அவர்களால் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. கூகுள் நிறுவனத்தின் கிளவுடில் இருந்த அந்நிறுவனத்தின் சர்வர்கள் அழிக்கப்பட்டுவிட்டன. பகைவர் எவரும் செய்யவில்லை. அந்த அமைப்பை முதலில் உருவாக்கியபோது கூகுள் ஊழியர்கள் ஓரிடத்தை நிரப்பாமல் வெறுமையாக விட்டிருந்தார்கள். அது வெறுமையாக இருந்தால் ஓர் ஆண்டுக் கெடு என்று பொருள் கொள்ளும்படி அந்தக் கருவி செய்யப்பட்டிருந்தது. கெடு முடிந்ததும் அது சொன்ன வேலையைச் செய்தது! ஒரு படிவத்தில் விடுபட்ட கட்டம்! தேர்வு விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் நம்மை எத்தனை முறை திருப்பி அனுப்புகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இனி அலுத்துக்கொள்ள மாட்டோம் என்று நினைக்கிறேன். யூனிசூப்பர் பிழைத்ததற்குக் காரணம், வேறொரு நிறுவனத்திடம் ஒரு காப்புப் பிரதியும் வைத்திருந்ததே. அந்த இரண்டாவது காப்பும் ஒருவகை வாடகை இடம்தான் என்பதை நான் மறைக்கவில்லை. மூலத்துக்குப் பொறுப்பானவரின் கை காப்பின் மேல் படவில்லை. அதனால் அது பிழைத்தது.

எனவே நாம் கேட்க வேண்டியது, ‘எது கெட்டால் இரண்டும் சேர்ந்து கெடும்?’ என்பதே. தாய்ப்பலகையா, வட்டா, கட்டடமா, கடவுச்சொல்லா, மாத வாடகை கட்டும் வங்கி அட்டையா? இந்தப் பட்டியலில் உள்ளவற்றை எவ்வளவு மிச்சமின்றி நீக்க முடியுமோ அவ்வளவும் நீக்க வேண்டும். நம்மைப் போன்ற ஒரு பள்ளிக்கு அதைச் செய்யும் எளிய வழி, தனிக் கட்டடத்தில் ஒரு தனி இயந்திரம். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ என்பவர் 2005-இல் எழுதிய நூலால் பரவிய ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில். கிளவுட் வாடகையை அந்த மூன்றாவது பிரதிக்கு வைத்துக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. முதல் காப்பாக அதையே நம்பியிருப்பதற்குத்தான் மறுப்பு.

அதற்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. பௌதிக வகுப்பில் படித்ததை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு டெராபைட் என்பது எட்டு லட்சம் கோடி பிட்டுகள். வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்பில், ஒரு நொடியும் தடை இல்லாமல் வந்தாலும், அதை இறக்க 80,000 வினாடிகள் ஆகும். ஏறத்தாழ 22 மணி நேரம். தடையில்லாத இணைய இணைப்பை எந்த ஊரில் காண்கிறோம்? அதே அளவைப் பள்ளிக்குள் ஒரு ஜிகாபிட் கம்பி வழியே எடுத்தால் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடியும். கட்டணம் கட்ட வரிசையில் நிற்கும் தாய்மார்களை மதிய உணவுக்குப் பின் வரச் சொல்வதற்கும், இரண்டு நாள் கழித்து வரச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

அந்த வரிசையைப் பற்றிச் சற்று நிற்கிறேன். நம் பள்ளியில் கட்டணத்தை ஒரே தடவையில் கட்ட முடியாத பெற்றோர் பலர். தவணை தவணையாகக் கட்டுகிறார்கள். நாள் கூலிக்குப் போகும் ஒரு தாய் ஐந்நூறும் ஆயிரமுமாகக் கட்டிய பணத்துக்கு ஒரு துண்டு ரசீது தரப்படுகிறது. ஓட்டு வீட்டில், மழையில் நனையும் அலமாரியில், அந்தத் துண்டுத்தாள் எத்தனை நாள் பிழைக்கும்? தாள் போனாலும் அலுவலகக் கணிப்பொறியில் இருக்கும் ஒரு வரி அவர் கட்டியதற்குச் சாட்சி. அந்த வரியும் போனால், ‘நான் கட்டினேன் சிஸ்டர்’ என்று அவர் சொல்வார். நம் சிஸ்டர் நம்பவும் செய்வார். ஆனால் நம்பப்பட வேண்டிய நிலைக்கு ஒரு தாயைக் கொண்டு வந்து நிறுத்துவது சரியா? வசதி உள்ளவர் வங்கி வழியாகக் கட்டுகிறார். அவருக்கு வங்கியில் இரண்டாவது சாட்சி இருக்கிறது. கையில் பணம் கொடுத்தவருக்கு நம் கணிப்பொறி ஒன்றே சாட்சி. காப்புச் சர்வர் யாருக்காக என்று யாராவது கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

சென்ற ஜூன் மாதம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முன்னாள் மாணவி வந்தார். தாம் படித்ததற்குச் சான்று தேவைப்பட்டது. அலுவலகச் சிஸ்டர் துணி அட்டை போட்ட தடித்த பதிவேட்டை இறக்கி, தூசி தட்டி, பத்தே நிமிடத்தில் அவர் பெயரைக் கண்டுபிடித்தார். சேர்க்கைப் பதிவேடு இன்றும் கையால்தான் எழுதப்படுகிறது. ஆனால் நம்முடைய பருவத் தேர்வு மதிப்பெண்கள், நூலகப் பதிவு, விளையாட்டு விழாப் படங்கள் யாவும் வட்டில் மட்டுமே உள்ளன. ஐம்பது ஆண்டு கழித்து நாம் பேத்தியோடு வரும்போது எந்தப் பதிவேட்டை இறக்குவார்கள்?

இனிச் சித்தப்பாவின் பூனைக் கேள்விக்கு வருவோம். தனி இயந்திரம் மூலையில் தூசி படிந்து கிடக்கும், விசிறி அடைத்துக்கொள்ளும், ஒரு நாள் அது நின்றுவிடும், நின்றது ஆறு மாதம் கழித்தே தெரியும். மெய்நிகர் என்றால் மற்ற மூன்றோடு சேர்த்து அதுவும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் கண்ணில் படுவதும் கவனிக்கப்படுவதும் ஒன்றல்ல. கிட்லேப் என்ற நிறுவனம் கணிப்பொறி நிரல் எழுதுவோருக்கே சேவை செய்வது. அங்கே வல்லுநருக்குப் பஞ்சமில்லை. 2017 ஜனவரி 31 அன்று களைத்துப்போன பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தகவல் அடைவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட்டில் நான்கரை ஜிகாபைட் மிஞ்சியபோதுதான் கை நின்றது. காப்பைத் தேடினால் அது எடுக்கப்படவே இல்லை. மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய கடிதங்களையும் அஞ்சல் அமைப்பு ஏற்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. ஆகவே, சோறு வைப்பது யார் என்ற கேள்வி இரண்டு வகைக்கும் பொதுவானது. மெய்நிகர் என்பதால் அது தானே சாப்பிட்டுக்கொள்ளாது!

நம்மிடம் அதற்கு விடையும் இருக்கிறது. கரும்பலகை துடைக்க முறை போட்டிருக்கிறோம். செடிக்கு நீர் ஊற்ற முறை போட்டிருக்கிறோம். கணிப்பொறிக் கழகத்து மாணவியர் இருவர் வாரம் ஒரு முறை, ஆசிரியை மேற்பார்வையில், இரவு காப்பு முடிந்ததா என்று பார்த்து நோட்டில் எழுதி வைக்க முறை போடுவது பெரிய காரியமா? மதிப்பெண்ணைத் திறந்து பார்க்கும் உரிமை அவர்களுக்குத் தேவையில்லை. பச்சை விளக்கா சிவப்பு விளக்கா, தேதி என்ன, அளவு என்ன என்பது போதும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்புச் சர்வர் வேகமானதாக இருக்க வேண்டியதில்லை. ஆய்வகத்திலிருந்து சென்ற ஆண்டு ஒதுக்கிய கணிப்பொறிகளில் நல்ல ஒன்றைத் தேர்ந்து, புதிய வட்டுகள் இரண்டு வாங்கிப் போட்டால் போதும். (பழைய வட்டையே வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்ல வேண்டாம்; அதில் மட்டும் சிக்கனம் ஆகாது.) நூறு வாட் எடுக்கும் இயந்திரம் இரவும் பகலும் ஓடினால் மாதம் 72 யூனிட். அது இரவில் நான்கு மணி நேரம் மட்டும் தானே விழித்து, வேலை முடிந்ததும் உறங்கும்படி அமைக்கலாம். அப்போது 12 யூனிட்.

அப்படி அணைத்து வைப்பதில் மின்சாரத்தைவிடப் பெரிய இலாபம் உண்டு. 2017 ஜூன் மாதம் ‘நாட்பெட்யா’ என்னும் அழிவு மென்பொருள் மேர்ஸ்க் என்ற பெரிய கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. உலகெங்கும் அந்நிறுவனத்தின் பயனாளர் பட்டியலைத் தாங்கிய சுமார் 150 சர்வர்கள் ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தன. பிரதிகள் நூற்றைம்பது இருக்கின்றனவே என்ற தைரியம். எல்லாம் ஒரே வலையில் விழித்திருந்ததால் எல்லாம் சேர்ந்தே அழிந்தன. ஒன்றைத் தவிர! ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் அந்நேரம் மின்வெட்டு. அங்கிருந்த சர்வர் அணைந்து கிடந்தது, பிழைத்தது. அதிலிருந்த வட்டை ஆள் மூலம் இங்கிலாந்துக்குக் கொண்டு போய் மீண்டும் எழுந்தார்கள். மின்வெட்டை வாழ்த்தியவர்கள் உலகிலேயே அவர்களாகத்தான் இருக்க வேண்டும். மெய்நிகர் குடித்தனத்தையும் அணைக்கலாமே என்பீர்கள். அணைக்கலாம், ஆனால் வீடு விழித்திருக்கிறது, அதன் கோப்புகள் வீட்டுக்காரர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. தனி இயந்திரத்தில் மின்கம்பியையே உருவி விடலாம். கூகுள் நிறுவனமே 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனாளரில் 0.02 சதவீதத்தினரின் கடிதங்கள் மறைந்தபோது, அவற்றைக் காந்த நாடாவிலிருந்துதான் மீட்டது. நாடா இணைப்பின்றி அலமாரியில் இருப்பதால் அந்தப் பிழை அதைத் தொடவில்லை என்று அந்நிறுவனமே விளக்கியது. பாட்டியின் ஒலிநாடாவைப் பார்த்துச் சிரிக்கும் தோழியர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

தனி இயந்திரம் என்று சொன்னதும் அதை அலுவலக மேசைக்கு அடியில் வைத்துவிடக் கூடாது. கடவுச்சொல்லும் அலுவலக சர்வருடையதாக இருக்கக் கூடாது. திருடன் ஒரு சாவியால் இரு வீட்டையும் திறப்பான். தரைத்தளமும் கூடாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்க அரசே தனி முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று. தென் கொரியாவில் தேஜான் நகரத்து அரசுத் தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று மின்கலத்தில் பிடித்த தீ, அரசு அலுவலர்கள் வேலைக் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் கிடங்கை அழித்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியிடத்தில் காப்பே வைக்கவில்லையாம். நம்முடையது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

விடுதிக் கட்டடத்தின் முதல் மாடியில், தையல் அறைக்குப் பக்கத்தில், பூட்டும் காற்றோட்டமும் உள்ள ஒரு சிறிய அறை இருக்கிறது. இப்போது அதில் பழைய நாடக உடைகள் இருக்கின்றன. அலுவலகத்திலிருந்து அங்கே கம்பி இழுக்க மைதானத்தின் ஓரமாக ஒரு குழாய் புதைத்தால் போதும் என்று தோட்டக்காரத் தாத்தா சொல்கிறார். சென்ற ஆண்டு தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய வழியே இருக்கிறதாம். மெய்நிகரை நான் அடியோடு ஒதுக்கவில்லை. காப்பிலிருந்து எடுத்தது உண்மையில் உயிரோடு எழுகிறதா என்று பார்க்க, அலுவலக சர்வருக்குள் ஒரு தற்காலிகக் குடித்தனம் திறந்து, அதில் மீட்டுப் பார்த்துவிட்டு, அன்றே மூடிவிடலாம். அதற்கு மெய்நிகரைப் போல் வசதியானது வேறில்லை; இதைச் சித்தப்பாவிடமும் ஒப்புக்கொண்டேன்.

பருவத்துக்கு ஒரு முறை அந்தச் சோதனையை நடத்த வேண்டும். முதல் சோதனைக்கு எதை எடுப்பது என்பதையும் கேட்டுக்கொள்கிறேன்: சென்ற பருவத்தில் கையில் பணமாகக் கட்டிய தவணை ரசீதுகள். அவற்றில் ஏதேனும் பத்தை அலுவலகச் சிஸ்டர் தேர்ந்து, மீட்ட பிரதியில் ஒவ்வொன்றாகத் தொகையும் தேதியும் சரிபார்த்து, முடிவைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் படிக்கட்டும். நாடக உடைகளை இடம் மாற்றும் வேலையைப் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு ஏற்றுக்கொள்கிறது. வகுப்புத் தலைவியிடம் கேட்டுவிட்டேன்.